டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குக் கணக்கு இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஏன் இல்லை?

அரசு மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாத்திரைகளுக்கு எதிரே 1-0-1 என்று எழுதியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா, எத்தனை நாளைக்கு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். சாப்பாட்டைப் பற்றி அதிகபட்சம் ஒரு வரி: 'சத்தான ஆகாரம்'. பல சீட்டுகளில் அதுவும் இருக்காது. "நல்லா சாப்பிடக் குடுங்கம்மா, உடம்பு தேறிடும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எது நல்ல சாப்பாடு? ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை வாரத்துக்கு? அதற்கான காசு எங்கிருந்து வரும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் வீட்டில் இருப்பவர்களே விடை கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு நோயில் மட்டும் இந்த நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. காசநோயாளிகளுக்கு மருந்தோடு சேர்த்து உணவுக்கும் அரசு பணம் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் சென்னையில் தொடங்கி ஜார்க்கண்ட் வரை போய்வந்த 60 ஆண்டுக் கதை இருக்கிறது. அறுவை சிகிச்சை, பக்கவாதம், நிமோனியா, புற்றுநோய் என்று மற்ற காரணங்களுக்காகப் படுத்து எழுந்தவர்களுக்கு அந்தக் கதையில் என்ன பாடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

படுக்கையில் இருக்கும்போது உடம்பு எதை இழக்கிறது?

நோய் வந்தால் மெலிவது சகஜம்தானே என்று நாம் கடந்துபோகிறோம். ஆனால் மெலியும்போது கரைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கரைகிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. சாப்பாடும் வேளாவேளைக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்திருந்தார்கள்.

இதோடு காய்ச்சல், கிருமித்தொற்று, அறுவை சிகிச்சைக் காயம், பசியின்மை எல்லாம் சேர்ந்தால் இழப்பு இன்னும் வேகமாகும். கால் தசை போனால் கழிப்பறைக்கு எழுந்து போவதே சிரமம். கீழே விழும் ஆபத்து உண்டு. மூச்சுத் தசைகள் தளர்ந்தால் சளியை இருமி வெளியேற்ற முடியாது. புண் ஆறுவது தாமதமாகும். கடைசியில், "போன மாசம்தான் டிஸ்சார்ஜ் ஆனாரு, மறுபடியும் சேர்த்திருக்கோம்" என்ற நிலை வரும்.

உணவைக் கவனித்தால் இது மாறுமா? ஸ்விட்சர்லாந்தில் 8 மருத்துவமனைகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, 2019-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஊட்டச்சத்துக் குறையும் ஆபத்தில் இருந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு உணவு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. 30 நாள் முடிவில் வழக்கமான சாப்பாட்டுக் குழுவில் 10% பேர் இறந்திருந்தார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்த குழுவில் 7%. சாப்பாட்டால் இவ்வளவு வித்தியாசம் வந்தது மருத்துவ உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

ஆனால் அதே நோயாளிகளை 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் மிஞ்சவில்லை. அந்தக் கவனிப்பு மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கானது. வீட்டுக்குப் போன பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்பது அவரவர் பாடு. பலன் கிடைக்கத் தொடங்கிய இடத்திலேயே கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

கஞ்சியும் பத்தியமும்: வீட்டில் என்ன நடக்கிறது?

நம் ஊரில் நோயாளி வீடு திரும்பியதும் முதலில் வருவது கஞ்சி. அடுத்து ரசம் சாதம், இட்லி, ரஸ்க். பார்க்க வருகிறவர்கள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி. இவை எதிலும் தப்பில்லை. அளவுதான் பிரச்சினை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிராம் அரிசி போட்டுக் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் ஏறத்தாழ 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம்தான் இருக்கும். காலையில் 2 இட்லி, 11 மணிக்குக் கஞ்சி, மதியம் ரசம் சாதம், மாலையில் அரை டம்ளருக்குச் சற்று அதிகமாகப் பாலும் 2 பிஸ்கட்டும், இரவு 2 இட்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 800–900 கலோரி, 25 கிராமுக்குள் புரதம்.

தேவை எவ்வளவு? நோயிலிருந்து மீள்கிறவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், சுமார் 30 கலோரியும் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் பொதுவான அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், 1,500 கலோரி. மேலே சொன்ன சாப்பாட்டில் கலோரி பாதிக்குச் சற்று மேல். புரதமோ பாதிகூட இல்லை. நோயாளி மூன்று வேளையும் சாப்பிடுகிறார், வீட்டிலும் யாரும் குறை வைக்கவில்லை. ஆனாலும் உடம்பு தன் தசையையே எரித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மேல் பத்தியம். "முட்டை சாப்பிட்டா புண்ணு சீழ் வைக்கும்", "தயிர் சளி பிடிக்கும்", "பருப்பு வாயு", "கறி செரிக்காது". சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது குறிப்பிட்ட மருந்தோடு, குறிப்பிட்ட நாட்களுக்குச் சொல்லப்படுவது. அது வீட்டுக்குள் வரும்போது எல்லா நோய்க்குமான பொதுத்தடையாக மாறிவிடுகிறது. தடை விழுவதும் பெரும்பாலும் புரதம் உள்ள பொருட்கள் மீதுதான். காயம் ஆற வேண்டிய நேரத்தில், ஆற்றுவதற்கான மூலப்பொருளையே நிறுத்திவைக்கிறோம். அறுவை சிகிச்சைப் புண் சீழ் பிடிப்பது கிருமியால். முட்டையால் இல்லை என்று டிஸ்சார்ஜ் நாளில் யாராவது ஒருவர் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால் போதும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

உணவு எப்போது சிகிச்சைக்கு வெளியே போனது?

ஒரு காலத்தில் சிகிச்சை என்றாலே ஓய்வும் சாப்பாடும்தான். மருந்து இல்லாத நாட்களில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தங்கவைத்துப் பால், முட்டை கொடுத்துத் தேற்றப் பார்த்தார்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டதுதான். மருத்துவமனையின் பெயரே இன்று ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

மருந்துகள் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகாதா? இதற்கு விடை தேட 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இதில் கைகோத்தன. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும், மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப்போட்டது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. வீட்டில் நெரிசல், அரைகுறைச் சாப்பாடு, வேலை. ஆனாலும் குணமடைந்தவர்களின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதன் பிறகே சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டு, வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க நடைமுறையானது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய வரம்.

கூடவே இன்னொரு முடிவும் ஓசையில்லாமல் ஒட்டிக்கொண்டது: 'மருந்து சரியாக இருந்தால் சாப்பாடு முக்கியமில்லை.' சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, சளியில் கிருமி ஒழிகிறதா என்பது. அதற்கு மருந்து போதும் என்று விடை கிடைத்தது. ஆள் பிழைத்துக் கிடந்து, எடை கூடி, வேலைக்குத் திரும்புகிறாரா, நோய் திரும்ப வராமல் இருக்கிறதா, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தொற்றுகிறதா என்பதற்கெல்லாம் சாப்பாடு என்ன செய்யும் என்ற கேள்வி, அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பின்வரிசைக்குப் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து நோயாளி வீட்டுக்கு வந்தார். அவருடைய பாலும் முட்டையும் வரவில்லை.

ஜார்க்கண்ட் கண்டுபிடித்தது என்ன?

1956-ல் தொடங்கிய அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். விட்டுப்போன கேள்வியைத் திரும்ப எடுத்ததிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு அது.

2,800 காசநோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் 6 மாதம், மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கும்படியான கணக்கு. வீட்டில் உடன் வசித்த 10,000-க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள்.

முடிவுகள் 2023-ல் வெளியாயின. உணவு கிடைத்த குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்திருந்தது. தொற்றிப் பரவக்கூடிய வகை 48% குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்தால் கொண்டாடியிருப்போம்; இது அரிசியும் பருப்பும் செய்த வேலை. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் 2 மாதங்களில் எடை 5% கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61% குறைவாக இருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் உணவு கொடுக்கப்பட்டதால், இந்த இரண்டாவது எண்ணை 'உணவு கொடுத்ததால் மட்டுமே' என்று அடித்துச் சொல்ல முடியாது. உணவு மறுக்கப்பட்ட ஒரு குழுவை வைத்து ஒப்பிடுவது அறமும் ஆகாது. ஆனால் 40 கிலோ எடையுள்ளவர் 2 மாதத்தில் 2 கிலோ கூடுகிறாரா இல்லையா என்பது, அவர் பிழைப்பாரா என்பதற்கான அடையாளமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஓர் எடை மெஷின் போதும்.

தமிழ்நாடு என்ன செய்கிறது?

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் வழிகாட்டுதலில் மாநிலக் காசநோய்ப் பிரிவு நடத்துகிறது. யோசனை எளிமையானது. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதங்களில் நடக்கின்றன. அப்படியானால் நோய் உறுதியான அன்றே, யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

அதற்குப் பெரிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. உயரம், எடை, கால் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் போகிறதா, ஆக்சிஜன் 94%-க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, அவ்வளவுதான். பி.எம்.ஐ. எனும் உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. கால் வீக்கமும் இருந்தால் 16 வரை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பி.எம்.ஐ. 14 என்றால் எடை 36 கிலோகூட இல்லை என்று பொருள். இப்படிப்பட்டவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்த்து, உணவையும் சிகிச்சையாகவே கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சில நாளில் உடம்பு கொஞ்சம் நிலைப்பட்டதும் அவரும் டிஸ்சார்ஜ் ஆவார். 36 கிலோவில் வந்தவர் அந்த நாட்களுக்குள் 47 கிலோ ஆகிவிட மாட்டார். ஆபத்துக் கட்டத்தைத் தாண்டியிருக்கிறார். மீதி 10 கிலோவும் வீட்டில்தான் கூட வேண்டும். இங்கேதான் ஒன்றிய அரசின் 'நிக்‌ஷய் போஷண் யோஜனா' வருகிறது.

மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன வாங்க முடியும்?

2018 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் காசநோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 1,000 ரூபாய். சிகிச்சை தொடங்கும்போதே 3,000 ரூபாய் முன்பணமாகவும், 84 நாள் சிகிச்சை முடிந்ததும் இன்னொரு 3,000 ரூபாயாகவும் தரப்படும். எடை குறைந்தவர்களுக்கு முதல் 2 மாதம் கூடுதல் சத்துணவும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்‌ஷய் மித்ரா' ஏற்பாட்டில், விருப்பமுள்ள தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் 'தத்தெடுத்து' உணவுப் பெட்டகம் வழங்கலாம்.

முன்பணம் என்பது முக்கியமான திருத்தம். இறப்பு அதிகம் நடக்கும் முதல் 2 மாதங்களில் கையில் காசு இருக்க வேண்டும். ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்குச் சிக்கல் என்று தொகை தாமதமாக வந்தால், அது எத்தனை ஆயிரமாக இருந்தாலும் வேண்டிய நேரத்தில் உதவாது.

ஆயிரம் ரூபாய் போதுமா? நாம் முன்பு போட்ட கணக்கில் 35 கிராம் புரதம் குறைந்தது அல்லவா? 2 முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், 40 கிராம் பருப்பில் 9 கிராம். சரியாக 35 வந்துவிடும். இன்றைய விலையில் நாளுக்கு 30 முதல் 40 ரூபாய், மாதத்துக்கு 900 முதல் 1,200 ரூபாய். ஆக, ஒருவருக்கு மட்டும் என்றால் ஆயிரம் ரூபாய் கிட்டத்தட்டப் போதும். ஜார்க்கண்ட் ஆய்விலும் நோயாளிக்கான செலவு மாதம் சுமார் 13 டாலர்தான்.

'ஒருவருக்கு மட்டும்' என்பதில்தான் சிக்கல். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பன் தனியாக முட்டை சாப்பிடுவார்? நோயாளி தாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர், காய்ச்சல் வந்ததும் முதல் ஆளாகச் சாப்பிடத் தொடங்கிவிட மாட்டார். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்த ஆயிரம் வாடகைக்கும் வட்டிக்கும் போய்விடும். ஜார்க்கண்டில் குடும்பத்துக்கும் சேர்த்து அரிசி, பருப்பு கொடுத்தது இதனால்தான் பொருள் உள்ளதாகிறது. வீட்டுப் பானை நிறைந்தால்தான் நோயாளியின் தட்டில் இருப்பது நோயாளிக்கு மிஞ்சும்.

காசநோய் இல்லாதவர்களுக்கு?

இத்தனை குறை சொன்னாலும், காசநோயாளிக்கு ஒரு திட்டம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, குறைந்தபட்சம் 'கொடுத்தாயா?' என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. குழந்தைகளுக்கும் உண்டு. கடும் ஊட்டச்சத்துக் குறைவால் சேர்க்கப்படும் குழந்தைக்கு, ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் தொடர் பரிசோதனைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2022 மே மாதம் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் அத்தகைய குழந்தைகளுக்குச் சிறப்பு உணவு தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கிறது.

மற்ற பெரியவர்களுக்கு? குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர், இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, பக்கவாதம் வந்த ஆட்டோ ஓட்டுநர், கீமோதெரபிக்கு நடுவே வீட்டுக்கு வந்தவர் என்று இவர்களில் யாருக்கும் எதுவும் இல்லை. காப்பீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தில் மருத்துவமனையில் இருக்கும்போது உணவும் தொகுப்புக்குள் அடங்கும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாளுக்கு மருந்தும் பரிசோதனையும் உண்டு, சாப்பாடு கிடையாது. 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புப் பராமரிப்பு எல்லாம் வருகின்றன. வாசல் வரை வருகிற அந்தப் பையில் ஓர் எடை மெஷினும், 'என்ன சாப்பிட்டீங்க?' என்ற கேள்வியும் கட்டாயம் என்று ஆக்கினால் கூடுதல் செலவு பெரிதாக இருக்காது.

"எல்லா நோயாளிக்கும் அரசே சோறு போட முடியுமா?" என்று கேட்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை. பிரிட்டனில் 'மஸ்ட்' என்றொரு எளிய சோதனை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பி.எம்.ஐ. எவ்வளவு? கடந்த 3 முதல் 6 மாதத்தில் எடை எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது? நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பிட முடியாமல் இருந்தாரா, இருப்பாரா? இந்த மூன்று கேள்விகளில் ஆபத்தில் இருப்பவர்கள் பிரிந்துவிடுவார்கள். 6 மாதத்துக்குள் எடையில் 10%-க்கு மேல் போயிருந்தால் அதிக ஆபத்து. காசநோய்த் திட்டத்தில் நம் களப்பணியாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். அதை மற்ற வார்டுகளுக்கும் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

கொடுப்பதற்கான வழியும் இங்கே புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. எல்லா அரிசி அட்டைக்கும் இலவச அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் என்று ரேஷன் கடை ஏற்கெனவே இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுபோகும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பள்ளிக்கூடங்களுக்கு வாரம் 5 முட்டை போகிறது. ஆபத்தில் இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 3 மாதத்துக்குக் கூடுதலாக 2 கிலோ பருப்பும், முட்டையும், கடலையும் அந்த அட்டைக்குக் கிடைக்கச் செய்வது நிர்வாக முடிவுதான். மறுபடி சேர்க்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படுக்கை, ஆன்டிபயாட்டிக், ஸ்கேன் என்று ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது சிறு தொகை.

எல்லோருக்கும் ஒரே சாப்பாடா?

இல்லை. 'நிறையக் கொடுங்கள்' என்பதும் 'சத்தான ஆகாரம்' போன்ற மொட்டையான அறிவுரைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு நாள் முழுக்கக் கஞ்சியும் ஜூஸும் ஆகாது. பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்கூடப் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம்; விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய்வழி உணவு.

இன்னொரு எச்சரிக்கை முக்கியமானது. பல நாள் பட்டினியில் எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு ஒரே நாளில் வயிறு முட்டக் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிகவும் மெலிந்தவர்களுக்கு முதல் சில நாள் மருத்துவமனையில் வைத்துச் சிறுகச் சிறுக ஏற்றுவது இதனால்தான்.

விலை உயர்ந்த புரோட்டீன் பவுடர் கட்டாயமா என்றும் பலர் கேட்கிறார்கள். மெல்ல முடியாதவர், குழாய் வழியே உணவு எடுப்பவர், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுபவர் போன்றோருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு முட்டை, பால், பருப்பு, மீன், வேர்க்கடலை, பொட்டுக்கடலை மாவு போதும். கடன் வாங்கி டப்பா வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

டிஸ்சார்ஜ் நாளில் என்ன கேட்க வேண்டும்?

பில் கட்டுவது, ஆட்டோ பிடிப்பது என்ற அவசரத்திலும் இந்த ஐந்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. இன்றைய எடை எவ்வளவு? (சேர்த்தபோது இருந்த எடையும் தெரிந்தால் இன்னும் நல்லது.)

2. நாளொன்றுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி? அதை முட்டை, டம்ளர், கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள்.

3. உண்மையிலேயே தவிர்க்க வேண்டியவை எவை, எத்தனை நாளைக்கு?

4. எடை எவ்வளவு குறைந்தால், எத்தனை நாள் சாப்பிட முடியாமல் போனால் திரும்ப வர வேண்டும்?

5. சந்தேகம் வந்தால் கேட்க உணவியல் நிபுணர் இங்கே இருக்கிறாரா, எந்த நாளில்?

வீட்டில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். பசி இல்லாதவருக்கு மூன்று வேளை பெரிய தட்டைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய கிண்ணம் நல்லது. கஞ்சி வைப்பதென்றால் அதிலேயே பாசிப்பருப்பையும் வேகவையுங்கள். இறக்கும்போது பாலோ, பொடித்த வேர்க்கடலையோ சேருங்கள். நடக்க முடிந்த அளவு நடக்க விடுங்கள்; தசை வளர உணவோடு அசைவும் வேண்டும்.

இவை குடும்பம் செய்யக்கூடியவை. எடையை டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டாயமாக்குவது, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது உணவியல் நிபுணர் பணியிடங்களை நிரப்புவது, காசநோய்க்குச் செய்ததை மற்ற நோயாளிகளுக்கும் நீட்டிப்பது ஆகியவை அரசு செய்ய வேண்டியவை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று உலகத்துக்குச் சொன்னது சென்னை. அப்படி அனுப்பும்போது கூடவே என்னென்ன போக வேண்டும் என்பதையும் தமிழ்நாடே முதலில் எழுதிக் காட்டலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னும் நான்கு வரிகள் இருந்தால் போதும்.